தலை சுற்றினாலும் பாடம் நடக்கும்

1

"குடித்திருக்கிறாயா?" என்று என்னைப் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தாம்பரம் ரயில் நிலையத்தில், மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில். இன்னொருவர் போன சனிக்கிழமை, இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் குடியிருக்கும் இந்த மில் ஊரின் கடைத்தெருவில். முதலாமவர் அதட்டிக் கேட்டார். இரண்டாமவர் தொப்பியைத் தொட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்றும் சேர்த்துக் கேட்டார். எனக்கு என்னவோ இரண்டு பேர் மேலும் ஒரே அளவு கோபம்தான் வந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். லில்லி டீச்சர் என்றால் அந்தப் பக்கம் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். கணவர் சாமுவேல் டிராஃப்ட்ஸ்மேன். அவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஒரே மகள் நிம்மியோடு நாங்கள் வந்து இறங்கி இந்த மாதத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்தின்போது கொடுக்கும் ஒரு மடக்குத் திராட்சரசம் தவிர நான் எதையும் குடித்தவள் இல்லை. எனக்கு இருப்பது தலைச்சுற்றல். இங்கே வந்து பிடித்த வியாதி அல்ல. ஊறுகாய் ஜாடியைப் போல ஊரிலிருந்தே கூடவே கொண்டுவந்தது.

தலைச்சுற்றல் என்றதும் எல்லாரும் மயக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மயங்கினவர்களுக்கு நினைவு போய்விடும், அவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு நினைவு முழுசாக இருக்கும். தரை ஒரு பக்கமாக எழும்பும். எதிரே இருக்கும் சுவர் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது. இடது காதுக்குள் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். வயிற்றிலிருப்பது வாய்க்கு வரும். பத்து நிமிஷமும் இருக்கும், அரை நாளும் இருக்கும்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். இங்கே கடை என்றால் ஒரு பெரிய கொட்டகை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே டப்பாக்களாக அடுக்கியிருக்கும். நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் டப்பாக்கள் கண்ணோரத்தில் ஓடும். மேலே டியூப் லைட் வேறு துடித்துக்கொண்டிருக்கும். எனக்கு ஆகாத இடம். ஆனாலும் நான்தான் போவேன். வெளியே வந்ததும் ஒரு பஸ் மிக அருகில் கடந்துபோனது. அவ்வளவுதான். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ்காரர் வந்து கேட்டதும், பைகளோடு பக்கத்தில் நின்ற நிம்மி, பதினைந்து வயசு, முகமெல்லாம் சிவந்துபோய், "குடிக்கவில்லை, சார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நான் தரையிலிருந்தபடியே சொன்னேன்: "எனக்குத் தலை சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்வேன். நீங்கள் நிற்பதாக இருந்தால் அசையாமல் நில்லுங்கள். உங்கள் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பாவம், அந்த மனிதர் சிலை மாதிரி நின்றார். அசையாத ஒரு பொருள் மேல் கண்ணை வைத்தால் எனக்குச் சுற்றல் சீக்கிரம் அடங்கும். அன்றைக்கு அது இங்கிலாந்து அரசாங்கத்தின் பித்தளைப் பொத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நிம்மி பைகளை மேசைமேல் வைத்தாள். அவள் பேசுவது பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். "அம்மா, எதுக்கு இந்த வீம்பு? பேசாம வீட்டிலேயே இருக்கலாம்ல?" என்றாள்.

ஊரில் இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

2

முதல் தடவை வந்தது ஆட்டுக்கல்லின் முன்னால். நிம்மி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். குழவி சுற்றுகிறது, மாவு சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் கல்லும் சுற்றுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்தேன். குழவி நின்றது, மற்ற எதுவும் நிற்கவில்லை. புழக்கடையும் கிணறும் முருங்கை மரமும் என்னைச் சுற்றி ஓடின. மாவுக்கையோடு தரையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

என் மாமியார் ஓடிவந்து தலையைத் தாங்கினார். முதலில் அவர் கேட்டது, "மாசமா இருக்கியாடி?" குரலில் பயத்தைவிட ஆசைதான் இருந்தது.

இல்லை என்று தெரிந்த பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார்கள். சூடு என்றார்கள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார் சாமுவேல். ஓயாமல் படித்ததால் மூளை களைத்துவிட்டது என்றார் கோயிலில் ஒரு அம்மா. அடுத்த வீட்டு சரோஜா அக்கா ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். மாடம்பாக்கம் போகிற வழியில் நிலம் இருந்தது. அதை அப்போதுதான் மனை மனையாகப் பிரித்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். வாய்க்குப் பெயர் போன பெண்மணி.

"பித்தம்தான் டீச்சர், வேற இன்னா? தலையில தேச்சு முழுகு. போய்டும்."

தேய்த்து முழுகினேன். தண்ணீர் ஊற்றத் தலையைக் குனிந்தபோது இரண்டாவது தடவை வந்தது.

3

அதற்குப் பிறகு பல மாதம் ஒன்றும் இல்லை. போய்விட்டது என்றே நினைத்தேன். இந்த வியாதியின் குணமே அதுதான். மறக்கிற அளவுக்கு இடைவெளி விடும்.

ஒருநாள் எழும்பூரில் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் திரும்பிக்கொண்டிருந்தேன். மத்தியான வெயில். ஜன்னலோர இடம். தாம்பரத்துக்குள் வண்டி மெல்ல நுழையும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி எதிர்த் திசையில் கிளம்பியது. நாங்கள் நிற்கிறோமா, ஓடுகிறோமா, அவர்கள் ஓடுகிறார்களா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரு நிமிஷம் வருகிற குழப்பம்தான். எனக்கு அது நிற்கவேயில்லை.

எப்படியோ இறங்கினேன். மேம்பாலத்துப் படியில் நான்கைந்து ஏறியதும் படியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக் கீழே வந்து, தூணோரம் உட்கார்ந்து, சாப்பிட்டதையெல்லாம் கக்கிவிட்டேன். கைப்பையிலிருந்த சாக்பீஸ் எல்லாம் உருண்டு ஓடிவிட்டன. சுற்றிக் கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள்.

"இன்னாம்மா, பட்டப்பகல்லயே தண்ணியா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம்" என்றேன். கூட்டம் சிரித்தது.

"பாரு, ஆமான்றா. எங்க வாங்கினே? பம்மல்லயா?"

அப்போதுதான் புரிந்தது. காதில் இரைச்சல், கண்ணில் ஓட்டம், இருந்தும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் டீச்சர். எனக்குத் தலை சுத்துது" என்றேன்.

"எல்லாருக்கும் தலை சுத்தித்தான் வுழறாங்க. எழுந்து நேரா நட பாக்கலாம்."

நேராக நடக்க முடிந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறேன்? "நடக்க முடியாது. கிட்ட வாங்க, மோந்து பாருங்க. தயிர்சாதமும் எலுமிச்சங்கா ஊறுகாயும்தான் வரும். வேற வாசனை வந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. வரலைன்னா இத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் குனியவில்லை. குனிய அவருக்கு வெட்கம். விடவும் வெட்கம். லத்தியைத் தட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில்தான் செங்கல்பட்டிலிருந்து வந்த வண்டியிலிருந்து சரோஜா அக்கா இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தால் நுழையாமல் போகிறவர் அல்ல.

"யோவ்! யாரைப் பாத்து இன்னா கேக்குற? எங்க டீச்சருய்யா அது! எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குது. உனக்குக் கணக்கு வருமா? சொல்லு, வருமா?"

"அக்கா, வுழுந்து கெடந்தாங்க, அதான்..."

"வுழுந்தா தூக்கணும். கேள்வி கேக்கறதுக்கா காக்கி குடுத்துகீறாங்க?"

கான்ஸ்டபிள் மெல்ல நகர்ந்தார். தப்பு என்று சொல்லவில்லை. அக்கா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏற்றினார். வழியெல்லாம் அந்தக் கான்ஸ்டபிளின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு வந்தார். நான் கண்ணை ரிக்‌ஷாக்காரரின் முதுகில் ஒட்டுப்போட்டிருந்த துணியில் வைத்துக்கொண்டு அழுதேன். தலை சுற்றியதற்காக அல்ல. மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதேதான் பேசினார்கள். லில்லி டீச்சர் குடித்துவிட்டு ஸ்டேஷனில் விழுந்து கிடந்தார் என்று, சேலையூர் வரைக்கும்.

4

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஒருவர் பார்த்தார். என்னைப் படுக்கவைத்து, காதுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டு, கண்ணுக்கு நேரே குனிந்து பார்த்தார். உத்தரம் சுழன்றது. "ரொம்ப நல்லது" என்றார் அவர். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

"உள்காதுல நிதானம் காட்டுற ஒரு பாகம் இருக்கும்மா. அதுல நீர் அதிகமாயிடுது. ஒரு பிரெஞ்சுக்கார டாக்டர் பேர் வெச்ச வியாதி இது. உயிருக்கு ஆபத்தில்லை" என்றார்.

"எப்ப சரியாகும்?"

மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "வரும், போகும். உப்பைக் குறைங்க, காப்பியைக் குறைங்க, தூக்கம் கெடக்கூடாது. மாத்திரை தர்றேன், வரும்போது கொஞ்சம் தாங்கும். இதோட வாழப் பழகிக்கணும்."

பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்வது டாக்டருக்கு சுலபம். அன்றைக்கு நானும் சாமுவேலும் ட்ரெயினில் தாம்பரம் திரும்பினோம். வீட்டு வாசலில் அவர் சொன்னார்: "வேலையை விட்டுடு லில்லி. என் சம்பளம் போதும்."

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது" என்றேன்.

பழகினேன். ஆட்டுக்கல்லை விடவில்லை; குழவியைப் பார்க்காமல் சுவரில் ஆணி ஒன்றைப் பார்த்துக்கொண்டு அரைத்தேன். கிணற்றில் இறைக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. தலைக்குக் குளிக்கும்போது குனியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து, பின்பக்கமாக ஊற்றிக்கொண்டேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல், கால்களை எடுத்துவைத்து முழு உடம்போடு திரும்பினேன். தேர் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்று நிம்மியின் அப்பா கேலி செய்வார். திரும்பட்டும், வடம் பிடிக்க ஆள் கேட்கவில்லையே. ட்ரெயினில் ஜன்னலோரத்தை விட்டு நடு இடம். கருவாட்டை விட்டேன், அப்பளத்தை விட்டேன். எலுமிச்சை ஊறுகாயை விட்டதுதான் பெரிய துக்கம். காப்பியை விட முடியவில்லை. காலையில் ஒரே ஒரு டம்ளர், அதுவும் பாதி. அதைப் பற்றி எந்த டாக்டரிடமும் நான் பேசுவதில்லை.

கோயிலில்தான் பெரிய சங்கடம். எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடி ஜெபம் செய்வார்கள். எனக்கு நின்றுகொண்டு கண்ணை மூடினால் தரை போய்விடும். அதனால் கண்ணைத் திறந்து, பீடத்துக்குப் பின்னாலுள்ள ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர் என் மாமியாரிடம், "உங்க மருமக ஜெபத்துல கண்ணைத் தொறந்துட்டு வேடிக்கை பாக்குறா" என்று சொன்னார்.

மாமியாருக்கு என்மேல் ஆயிரம் குறை உண்டு. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு இன்றும் இனிக்கிறது. "அவ கண்ணைத் தொறந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

5

பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் கரஸ்பாண்டென்ட் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம்.

"மிஸஸ் சாமுவேல், நீங்க குடிப்பீங்கன்னு நான் ஒரு நாளும் நம்பமாட்டேன். ஆனா பிள்ளைங்களுக்கு முன்னாடி விழுந்தீங்கன்னா? பயந்துடுவாங்க. பெற்றோர் ரெண்டு மூணு பேர் வந்து பேசிட்டுப் போனாங்க. உடம்பைக் காரணம் சொல்லி நீங்களே ராஜினாமா செஞ்சிட்டா உங்களுக்கும் மரியாதை."

"ஐயா, விழமாட்டேன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. விழுந்தாலும் பாடம் நடக்கும்னு சொல்ல முடியும்."

"அது எப்படிம்மா?"

"அது என் பொறுப்பு. வர்ற இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் விடுங்க. அன்னைக்கு என் வகுப்பைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். சரி என்று சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

அடுத்த நாள் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் உள்ளதைச் சொன்னேன். காதின் உள்பாகத்தைப் போர்டில் படமாகவே போட்டேன். "எனக்குத் திடீர்னு தலை சுத்தும். சுத்தினா நான் விழறதுக்கு முன்னாடி நானே உட்கார்ந்துடுவேன். யாரும் கத்தக்கூடாது. யாரும் ஓடிவந்து என்னைப் பிடிக்கக்கூடாது. முகத்துல தண்ணி தெளிக்கக்கூடாது. கையில இரும்புச் சாவி கொடுக்கக்கூடாது. இது வலிப்பு இல்லை. உட்கார்ந்தபடியே நான் சொல்லுவேன், நீங்க எழுதணும். அவ்வளவுதான்."

கடைசி பெஞ்சில் சரோஜா அக்காவின் மகள் வனஜா கையைத் தூக்கினாள். "டீச்சர், வாந்தி வந்தா?"

"மேசைக்கடியில ஒரு வாளி இருக்கும். அதைப் பத்தியும் யாரும் பேசக்கூடாது."

கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் பாதி அன்றைக்கே போய்விட்டது, அவர்களுக்கும் எனக்கும். போர்டில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டேன். அண்ணாந்தால் சுற்றும் என்பதால் அதற்கு மேலே எழுதுவதில்லை. வட்டம் வரைய வேண்டியிருந்தால் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வரையச் சொல்வேன். கயிற்றைக் கட்டி சாக்பீஸைச் சுற்றிக் கொண்டுபோகும்போது கண்ணும் கூடவே சுற்றும். எனக்கு அது ஆகாது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று பாடமே வட்டம்தான். மையத்தில் உண்டாகும் கோணம் பரிதியில் உண்டாகும் கோணத்தைப் போல இரண்டு மடங்கு. மாற்றிக்கொள்ளலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். நான் மாற்றவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கதர்ச் சேலை, கெட்டிக் கண்ணாடி. வாசலில் கரஸ்பாண்டென்ட் ஐயா.

வட்டம் வரைய வழக்கம்போல வனஜாவைக் கூப்பிட்டேன். "வேண்டாம். நீங்களே வரையுங்கள்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. அவருக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் வரைவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்னால் முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றவரைப் பார்த்தேன். கயிற்றை எடுத்தேன்.

வட்டம் நன்றாகத்தான் வந்தது. கோடு கோட்டோடு சேரும்போது காதில் ரைஸ்மில் கிளம்பியது. போர்டு இடப்பக்கமாக ஓட ஆரம்பித்தது. நான் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தேன். ஒருத்தியும் கத்தவில்லை, ஓடிவரவில்லை. மேசைக்கால் தரையைத் தொடும் இடத்தில் ஒரு மைக்கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"மையம் ஓ. பரிதியில ஏ, பி, சி. ஏ-யிலிருந்து ஓ வழியா ஒரு கோடு, டி வரைக்கும் நீட்டுங்க. வனஜா, போர்டுல நீட்டு."

வனஜா வந்து கோட்டை நீட்டினாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் எழுதினார்கள். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பதறி எழுந்துவிட்டார் என்று புரிந்தது. ஓடிவரப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது அவர் பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது, மரியாதையாகச் சொன்னாள்:

"உட்காருங்க மேடம். டீச்சருக்கு ஒண்ணும் இல்ல. பாடம் நடக்குது."

பெஞ்சு மறுபடியும் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு இருசமபக்க முக்கோணம், இரண்டு வெளிக்கோணம், கூட்டினால் இரண்டு மடங்கு. நடுவில் ஒரு தடவை வாளி தேவைப்பட்டது. நிரூபணம் முடிகிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும், எழுந்திருக்க முடியுமா என்று பார்த்தேன், முடிந்தது. போர்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "சந்தேகம் யாருக்காவது?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நான் வரையச் சொல்லியிருக்கக்கூடாது" என்றார் மெல்ல. பிறகு, "வீட்டுக்குப் போகிறீர்களா?"

"அடுத்த பீரியடும் எனக்குத்தான் மேடம்."

"அப்படியானால் கொஞ்சம் தண்ணீராவது குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றவரைப் பார்த்து, "நிரூபணத்தில் ஒரு படிகூட விடவில்லை, கவனித்தீர்களா?" என்றார். கரஸ்பாண்டென்ட் ஐயா தலையை ஆட்டினார். ராஜினாமா என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்வரை நான் அங்கேதான் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். எத்தனையோ தடவை தரையில் உட்கார்ந்து.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷங்களில் என் இடது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நிம்மியை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்து ஒரு நாளும் விளையாடியதில்லை. கடற்கரைக்குப் போனால் அலையில் இறங்கியதில்லை. சில நாள் காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று கடவுளிடம் சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

6

இங்கே வந்ததும் எல்லாம் முதலிலிருந்து. டாக்டர் வீட்டில் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "உலகம் சுற்றுகிறது" என்றேன். அவள் தட்டச்சு செய்தபடியே, "அது எப்பவும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது, கண்ணு" என்றாள். இங்கே எல்லாரும் எல்லாரையும் கண்ணு, செல்லம் என்கிற மாதிரிதான் கூப்பிடுகிறார்கள், கோபப்படக்கூடாது. "தலை சுழல்கிறது" என்று திருத்தினேன். கடைசியில் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். சொந்த ஊரை விட்டு வந்த பெண்களுக்கெல்லாம் அதைத்தான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது. அதை அழித்துக் காது என்று எழுதவைக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

நிம்மியின் தமிழ் வேறு கதை. போன வருஷம் தாம்பரத்திலிருந்து மாமியார் டிரங்க் கால் போட்டார். நான் படுத்திருந்தேன். நிம்மிதான் பேசினாள். "அம்மாவுக்குத் தலை சுடுது" என்று சொல்லிவிட்டாள். சுத்துது என்பதற்குச் சுடுது. கடுமையான ஜுரம் என்று நினைத்து அங்கே கோயிலில் எனக்காக விசேஷ ஜெபம் வைத்துவிட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு.

பள்ளி வேலைக்கு என் ஊர்ச் சான்றிதழ் போதாது என்றார்கள். மறுபடியும் படித்தேன். பிறகு மருத்துவப் பரிசோதனை. மறைத்துவிடு என்று சாமுவேலே சொன்னார். ஒரு மாதம் வராமல் இருக்கிற சமயம் பார்த்துப் போனால் யாருக்கும் தெரியாது என்றார். எனக்கு மனசு வரவில்லை. போய் உட்கார்ந்ததும் நானே சொன்னேன்.

அந்த டாக்டர் வயசானவர். "எத்தனை தடவை விழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டார்.

"எண்ணவில்லை. எழுந்ததையும் எண்ணவில்லை."

"வகுப்பில் வந்தால் என்ன செய்வீர்கள்?"

"தரையில் உட்கார்ந்து பாடம் நடத்துவேன்."

அவர் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாடிப்படி ஏறத் தேவையில்லாத வகுப்பறை வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். இப்போது மூன்றாவது வருஷம்.

இங்கே எனக்கு ஆகாதவை: நகரும் படிக்கட்டு, பூப்போட்ட கம்பளம், மழையில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி, மாடி பஸ்ஸின் மேல்தளம். பனி பெய்து எல்லாம் வெள்ளையாக ஆகிவிட்டால் கண்ணைப் பதித்துவைக்க ஒரு இடம் இருக்காது. அப்போது வேலிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு போவேன். ஒரு வேடிக்கை உண்டு. நான் வாயில் வைக்கக்கூடாத உப்பை இங்கே குளிர்காலத்தில் லாரி லாரியாக ரோட்டில் கொட்டுகிறார்கள், பனி உருகுவதற்காக. அந்த உப்பின் மேல் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

7

நேற்று சாயங்காலம் நிம்மியின் சிநேகிதிகள் இரண்டு பேர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை நாள் அவள் யாரையும் அழைத்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். நான் அடுக்களையில் அவர்களுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். அச்சைச் சுற்றும்போது கண் அடுப்பின் கைப்பிடியில்.

கதவு திறந்திருந்தது. இடம் போதாததால் ஒருத்தி நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உடனே நிம்மியின் குரல், இங்கிலீஷில்:

"அதை நகர்த்தாதே. அது எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கணும். அம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜன்னல் பக்கம் போவாங்க."

"ஏன், உங்க அம்மாவுக்கு என்ன?"

"காதுல கோளாறு. எல்லாம் சுற்றும். அதோடதான் கணக்கு டீச்சரா இருக்காங்க."

நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தாழ்ந்த குரலில், "நகர்த்தினா விழுந்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

"விழமாட்டாங்க" என்றாள் என் மகள். "நம்மைத்தான் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."